என்னல சும்மா நிக்க?

எங்கள் பள்ளியில் எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. கணக்கில் ஒற்றை இலக்கத்தில் மார்க் வாங்கலாம். விடுதிச் சுவர் ஏறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வரலாம். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் கழுவி விடப்படும். சும்மா நிற்பது மட்டும்தான் கூடாது. மாலை நாலு மணிப் பெல் அடித்த பிறகு வேப்பமரத்தடியில் எவனாவது கையைக் கட்டிக்கொண்டு நின்றால், தலைமையாசிரியர் ஃபாதரின் வெள்ளை அங்கி எங்கிருந்தோ வந்து முளைக்கும். "என்னல சும்மா நிக்க?" என்பார். பதில் சொல்லத் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் அவன் ஏதோ ஒரு மன்றத்தின் உறுப்பினர்.

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். தென்மாவட்டத்தில் குருக்கள் நடத்தும் ஆண்கள் பள்ளி, கூடவே விடுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் வெளியே வந்தால் பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் சந்தா பாக்கி என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

பள்ளிக்கு எதிர்ச்சாரியில் ஓர் அம்மன் கோயில் மண்டபம் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் விடிந்ததிலிருந்து அடையும்வரை அங்கே சும்மா இருப்பார்கள். யாரும் அவர்களை ஒரு கேள்வி கேட்டதில்லை. தாயுமானவர் முதலானவர்கள் சும்மா இருப்பதைத் தவத்தின் உச்சியில் வைத்துப் பாடிய நாடு இது. சாலைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் அதே காரியத்துக்கு முட்டங்கால் போட வேண்டும்.

ஃபாதரையும் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு முன்னாலேயே ஆரம்பித்த வினை அது. 1563-ல் ரோமாபுரியில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் ழான் லெனிஸ் என்ற இளந்துறவி, படிக்க வந்த பையன்களைத் திரட்டி மாதா பெயரில் ஒரு சபை தொடங்கினார். அது நாடு நாடாகப் பரவியது. அன்றிலிருந்து கத்தோலிக்கப் பள்ளியில் கடைசிப் பெல் அடித்ததும் ஒரு பையன் நேராக வீட்டுக்குப் போனதாக வரலாறு இல்லை.

ஆள் சேர்க்கும்போது விருப்பம் கேட்கும் வழக்கம் கிடையாது. பையனைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது ஃபாதரின் கட்சி. நெடுநெடுவென்று இருந்தால் என்.சி.சி. குட்டையாகவும் துறுதுறுவென்றும் இருந்தால் சாரணர். குரல் உடையாதவன் பாடகர் குழு, உடைந்தவன் பேண்டு செட்டு. இதில் எதிலும் அகப்படாதவன் ஜூனியர் ரெட் கிராஸ். கையெழுத்து நன்றாக இருந்தால் செயலாளர். எதற்குச் செயலாளர் என்பது பிற்பாடு முடிவாகும். என் கையெழுத்து நன்றாக இருந்துவிட்டது. பள்ளியில் இருந்த பாதி மன்றங்களின் மினிட்ஸ் நோட்டுகள் என் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. என் சட்டைகளுக்குத்தான் இடமில்லை.

மதம் இதில் குறுக்கே வந்ததில்லை. என் பெஞ்சுத் தோழன் பிள்ளையார் கோயில் பூசாரியின் மகன். குரல் உடையாமல் நெடுநாள் தாக்குப்பிடித்தவன். பாஸ்கா திருவிழிப்புப் பூசையில் தனிப்பாடல் அவனுடையதுதான். ஞானஸ்நானம் வாங்கிய நாங்கள் பின்னால் நின்று வாயசைத்தோம். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போய் அங்கேயும் அவன்தான் பாடினான். இரண்டு சந்நிதியிலும் சாப்பாடு கிடைத்த ஒரே ஆள் அவன்.

என்.சி.சி. 1948-ல் சட்டம் போட்டு உருவாக்கிய படை. நாட்டுக்காக என்பார்கள். எங்கள் பள்ளியில் அது பூரிக்காக. பரேடு முடிந்ததும் தரப்படும் பூரி கிழங்கை நினைத்து, கஞ்சி போட்ட காக்கி டவுசர் தொடையை அறுக்க அறுக்க, வெயிலில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். பூரி வராத ஒரு சனிக்கிழமையில் தேசபக்தி எவ்வளவு குறைகிறது என்பதை அளக்க எங்களிடம் கருவி இல்லை.

சாரணர் இயக்கத்தை பேடன் பவல் 1907-ல் பிரவுன்சி என்ற தீவில் முகாம் போட்டுத் தொடங்கினார். எங்கள் சாரணர்களுக்குத் தீவு வாய்க்கவில்லை, விடுதிக் கிணற்றடி வாய்த்தது. கிணற்று வாளி, கொடிக்கயிறு, தூங்குகிறவன் கால் கட்டைவிரல் என்று கண்ணில் பட்டதில் எல்லாம் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுகள் அருமையானவை. அவிழ்ப்பது அடுத்த ஆண்டுப் பாடம் போலிருக்கிறது.

ரெட் கிராஸ் பையன்கள்தான் பாவம். 1859-ல் சோல்பெரினோ போர்க்களத்தில் குற்றுயிராகக் கிடந்தவர்களைக் கண்டு ஹென்றி டுனாண்ட் மனம் பதைத்ததில் பிறந்த இயக்கம். அடிபட்டவன் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்கக் கூடாது, முதலில் தூக்கு என்பது அவர்களுக்குச் சொல்லித்தந்த பாடம். ஆனால் எங்கள் பள்ளியில் அவர்கள் கண்முன்னால் யாரும் அடிபடவே இல்லை. விளையாட்டு விழா, திருவிழா, சுதந்திர தினம் எல்லாவற்றிலும் முதலுதவிப் பெட்டியும் ஸ்ட்ரெச்சருமாக ஓரத்தில் உட்கார்ந்து, யாராவது விழமாட்டானா என்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு மரியாயின் சேனை. டப்ளின் நகரத்தில் ஃபிராங்க் டஃப் என்ற அரசு ஊழியர் 1921 செப்டம்பர் 7-ல் தொடங்கியது. அரசு ஊழியர் தொடங்கியது என்பது கூட்டத்தில் உட்கார்ந்தாலே தெரியும். மினிட்ஸ் உண்டு, வருகைப் பதிவு உண்டு, வாராவாரம் செய்த வேலைக்கு எழுந்து நின்று அறிக்கை தர வேண்டும். பெயர்கள் எல்லாம் பழைய ரோமாபுரியிலிருந்து எடுத்தவை. அடிமட்டக் குழுவுக்கு பிரசீடியம் என்று பெயர், அதற்கு மேலே கூரியா, அதற்கும் மேலே கொமீசியம். ஏழாம் வகுப்புப் பையன் பிரசீடியம் என்ற சொல்லை உச்சரிக்கும்போது சீசரே வந்து பல்லைக் கடித்திருப்பார்.

சேனையில் ரகசியப் பை என்று ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒரு துணிப்பை கைமாறி வரும். எல்லோரும் உள்ளே கையை விட வேண்டும். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியக்கூடாது. அருமையான ஏற்பாடு. விடுதிப் பையன்களிடம் மாதக் கடைசியில் காசு ஏது? கையை விட்டு, விரலை உள்ளே கொஞ்சம் அலையவிட்டு, கனமான முகத்தோடு எடுத்துக்கொள்வோம். ஒருநாள் பையைக் கவிழ்த்தபோது கொஞ்சம் சில்லறையும் ஒரு சட்டைப் பொத்தானும் விழுந்தன. தலைவர் பிளஸ் டூ அண்ணன், நேர்மையானவர். அதை அப்படியே மினிட்ஸில் எழுதச் சொன்னார். எழுதி முடித்து நிமிர்ந்தால் பிரசீடியம் முழுவதும் அடுத்தவன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரகசியம் அன்றோடு போயிற்று.

நோயாளிகளைச் சந்திப்பது சேனையின் முக்கியமான வேலை. சிக்கல் என்னவென்றால், நடந்து போகிற தூரத்தில் எங்களுக்கு வாய்த்த நோயாளி ஒரே ஒரு பாட்டிதான். இரண்டிரண்டு பேராக எல்லோரும் அவளையே சந்தித்தோம். செபம் சொல்ல வந்திருக்கிறோம் என்றால், "செபத்தைப் பொறவு சொல்லலாம் மக்கா, மொதல்ல ரெண்டு கொடம் தண்ணி எடுத்து ஊத்திட்டு வாங்க" என்பாள். ஊற்றினோம். அடுத்த ஜோடிக்கும் அதே குடம்தான். பாட்டியின் உடம்பு எப்படியோ, தொட்டி எப்போதும் நிறைந்திருந்தது. இதில் ஒரு சட்டச் சிக்கலும் முளைத்தது. பொருளுதவி செய்யக் கூடாது என்பது சேனையின் கண்டிப்பான விதி. தண்ணீர் பொருளா, உழைப்பா? இரண்டு கூட்டங்கள் விவாதித்தோம். கிணற்றில் இருக்கும்வரை பொருள், குடத்தில் ஏறிய பிறகு உழைப்பு என்று தீர்ந்தது. கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்துக்குப் பிறகு இவ்வளவு நுணுக்கமாக யாரும் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஒய்.சி.எஸ். எனப்படும் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் வேறு ரகம். பெல்ஜியத்தில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட கார்டைன் என்ற குருவின் வழியில் வந்தது. பார், ஆராய், செயல்படு என்பது அவர் வகுத்த முறை. போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் அருளப்பர் 1961-ல் தம் சுற்றுமடலிலேயே அதைப் பாராட்டி எழுதினார். உலகத்தின் அநீதிகளைப் பாருங்கள் என்று எங்கள் ஒய்.சி.எஸ்.ஸைக் கவனித்துக்கொண்ட பிரதர் சொன்னார். நாங்கள் அதிக தூரம் போகவில்லை. விடுதிச் சாம்பாரைப் பார்த்தோம்.

பார்த்ததில் பூசணிக்காய் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆராய ஒரு குழு சமையற்கட்டுக்குப் போனது. நேற்றும் பூசணி, முந்தாநாளும் பூசணி, இது அநீதி இல்லையா என்று நோட்டும் பென்சிலுமாகக் கேட்டோம். சமையல்கார அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "வெத போட்டது ஒங்க தோட்டக் குழு. காய்ச்சதை லோடு லோடா கொண்டுவந்து எறக்குனதும் ஒங்க ஆளுவதான். என்னய என்னத்துக்குல ஆராயுதிய?" என்றார். உண்மைதான். பள்ளிக்குப் பின்னால் தோட்டக் குழு வருடம் முழுக்க உழைத்துக் கண்ட பலன் அது. ஒரு மன்றத்தின் சாதனை இன்னொரு மன்றத்துக்கு அநீதியாகிவிடும் என்பதை கார்டைன் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

செயல்பட்டது நாங்கள் இல்லை, ஃபாதர். அறிக்கையை வாங்கிப் படித்தார். மிகவும் சந்தோஷப்பட்டார். உடனே உணவு மேம்பாட்டுக் குழு என்று ஒன்றை அமைத்து, ஒய்.சி.எஸ். பையன்கள் அனைவரையும் அதில் போட்டு, விடியற்காலையில் எழுந்து காய் நறுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எங்கள் பள்ளியில் புகார் சொல்லத் தெரிந்தவர்கள் அதோடு குறைந்துபோனார்கள். எந்தப் புகாரும் ஒரு குழுவாகத் திரும்பி வரும் என்பது தெரிந்துவிட்டது.

பள்ளியின் விளையாட்டு அணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவேரியார், இஞ்ஞாசியார், ஞானப்பிரகாசியார், அருளானந்தர் என்று நான்கு. நான் அருளானந்தர் அணி. 1693-ல் ஓரியூரில் தலை கொடுத்தவர் அவர். கபடியானாலும் கயிறு இழுத்தலானாலும் நாங்கள் தோற்று வந்ததும் பி.டி. சார், "வேதசாட்சி அணில, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்வார்.

எல்லா மன்றங்களும் ஒரே இடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பது ஓர் ஆண்டு விழாவில் தெரிந்தது. தேவசகாயம் பிள்ளை நாடகம். பக்கத்து வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட வேதசாட்சி. எங்கள் பக்கத்தில் இந்த நாடகம் போடாத கோயில் திருவிழா அரிது. அப்போது அவர் இன்னும் புனிதராகவில்லை, 2022-ல்தான் ஆனார். அந்தத் தாமதத்துக்கும் எங்கள் நாடகத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நம்புகிறேன்.

இயேசு சபையார் 1599-ல் பள்ளிகளுக்கு எழுதிய கல்வித் திட்டத்தில் நாடகத்துக்கும் விதி உண்டு. அபூர்வமாகத்தான் போட வேண்டும், லத்தீனில்தான் போட வேண்டும், பெண் வேடமும் பெண் உடையும் மேடைக்கு வரவே கூடாது. எங்கள் ஃபாதருக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூவாக, குரல் உடையாத பூசாரி மகனே நடித்தான். புடவை பக்கத்துக் கன்னியர் மடத்தில் இரவல் வாங்கியது. மடத்தில் வேறு என்ன நிறம் இருக்கும்? புருஷன் உயிரோடு இருக்கும்போதே ஞானப்பூ வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். முன்வரிசைப் பாட்டிகள் அப்போதே அழத் தொடங்கிவிட்டார்கள்.

மார்த்தாண்ட வர்மாவின் படைவீரர்களாக என்.சி.சி. தேவசகாயத்தை எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விடும் காட்சிக்கு, கறுப்புக் கம்பளிக்குள் பத்தாம் வகுப்பு இரண்டு பேர். வேதசாட்சியைக் கட்டும் பொறுப்பு சாரணர்களுடையது. கதைப்படி சங்கிலி, சாரணர் ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை, கயிறுதான் என்றார். நான் திரைக்குப் பின்னால் வசனப் புத்தகத்தோடு நின்றேன், கையெழுத்து என்னுடையது என்பதால்.

கடைசிக் காட்சி. ஆயர் முன்வரிசையில். மேடைக்குப் பின்னால் வெடி வெடித்தது. வேதசாட்சி மண்ணில் சரிய வேண்டும், பாடகர் குழு பாட வேண்டும், மேலேயிருந்து இரண்டு தேவதூதர்கள் கிரீடத்தோடு இறங்க வேண்டும். வேதசாட்சி சரியவில்லை. சாரணர் முடிச்சு தூணோடு பிடித்துக்கொண்டது. முழங்காலை மடக்கிப் பார்த்தார், திமிறிப் பார்த்தார், வலியில் நிஜமாகவே "அம்மா" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அரங்கின் ஓரத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ரெட் கிராஸ் எழுந்தது. ஒத்திகைக்கு அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. ஸ்ட்ரெச்சரோடு மேடையேறி, முதலுதவிக் கத்தரியால் கயிற்றை வெட்டி, "விடுங்கல, நான் சாகணும்ல" என்று கத்தக் கத்த வேதசாட்சியைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுட்ட படைவீரர்களும் குழம்பிப்போய்க் கூடவே ஓடினார்கள்.

பாடகர் குழு விட்ட இடத்திலிருந்து பாடியது. தேவதூதர்கள் இறங்கினார்கள். ஆறாம் வகுப்புச் சிறுவர்கள், சொன்னதைச் செய்கிறவர்கள். மேடையில் எருமை மட்டும்தான் மிச்சம். அதன் தலையில் கிரீடத்தை வைத்து, கைகூப்பி, மெல்ல மேலே போனார்கள்.

ஆயர்தான் முதலில் கைதட்டினார். ஃபாதர் அன்றிரவே மேடை ஒழுங்குக் குழு ஒன்றை அமைத்துவிட்டார். அதன் நோட்டும் என் பெட்டிக்கு வந்தது. ரெட் கிராஸின் ஆண்டறிக்கையையும் நானே அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். 'சாதனைகள்' என்ற தலைப்பின் கீழே முதல்முறையாக ஒரு வரி இருந்தது: துப்பாக்கிச் சூட்டில் சிக்கிய ஒருவர் பத்திரமாக மீட்கப்பட்டார்.