ஒரே திகதி, வேறு வேறு பீரங்கி

(இந்த முறை வாசகர்கள் கலண்டரையும் போர்க்களத்தையும் ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.)

ஓகஸ்ட் 25ஆம் திகதிக்கு நம் ஊவாவில் என்ன விசேஷம்?
– உயர்தர மாணவர், பதுளை

1630இல் அன்றைக்கு, வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலயில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கொல்லப்பட்டார். அதற்குச் சற்று முன்புதான் படையோடு வந்து உங்கள் பதுளையைக் கொளுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சம்பளம் வாங்கிய சிங்கள லஸ்கரின் படையினர், தங்கள் முதலியார்மாரோடு சேர்ந்து கண்டிப் பக்கம் தாவிவிட்டார்கள். எதிரே செனரத் மன்னனின் இளவரசர்கள். அவர்களில் ஒருவர்தான் பின்னாளில் இரண்டாம் இராஜசிங்கன். வரும்போது வழிகாட்டியவனே போகும்போது வழிமறித்தால் பீரங்கி யாரைப் பார்த்துச் சுடும்?

1580 ஓகஸ்ட் 25இல்தான் லிஸ்பனுக்கு அருகே அல்கந்தராவில் போர்த்துக்கேயர் ஸ்பானியப் படையிடம் தோற்று, நாட்டையே ஸ்பெயின் மன்னனிடம் இழந்தார்கள். சரியாக 50 வருஷம் கழித்து அதே நாளில் ஊவாவிலும் தோல்வி. இது விதிதானே?
– வரலாற்று ஆசிரியை, பண்டாரவளை

இன்னும் ருசியான சேதி ஒன்று உண்டு. அல்கந்தராவில் வென்றவர் இரண்டாம் பிலிப். ரந்தெனிவெலயில் த சா உயிரைக் கொடுத்தது அந்தப் பிலிப்பின் பேரனான நான்காம் பிலிப்பின் ஆட்சிக்காக. ஆனால் விதியைக் கூப்பிடுவதற்கு முன் கலண்டரைப் பாருங்கள். 1580இல் அவர்கள் பார்த்தது பழைய ஜூலியன் கலண்டர். 1582இல்தான் போப் கிரெகரி ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்து, நடுவில் பத்து நாளை விழுங்கினார். புதுக் கணக்கில் அல்கந்தரா போர் நடந்தது செப்டெம்பர் 4. ஆக, 50 வருஷத்துக்குப் பத்து நாள் குறைகிறது. வாக்கியமா, திருக்கணிதமா என்று வருஷப் பிறப்புக்கே சண்டை போடும் நமக்கு இது விளங்காதா என்ன?

ஆனாலும் இத்தனை போர்கள் ஒரே திகதியில் வந்து விழுவது அதிசயம் இல்லையா?
– கணக்கப்பிள்ளை, நமுனுகுலை

கணக்கப்பிள்ளையே கேட்கலாமா? ஏதாவது 23 போர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு ஒரே திகதியில் விழுவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. நாளைக் காலை பிரட்டில் நிற்கும் 23 பேரிடம் பிறந்தநாளைக் கேட்டாலும் இதே கணக்குத்தான். உலகத்தில் நடந்த போர்களோ ஆயிரக்கணக்கில். ஒரு திகதிகூடப் பொருந்தாமல் போனால்தான் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லாத் திகதியும் தற்செயல்தான் என்று தள்ளிவிடலாமா?
– ஓய்வுபெற்ற படைவீரர், தியத்தலாவை

கூடாது. நாளைப் பொருத்துவது தற்செயலாக இருக்கலாம். அந்தப் பொருத்தத்தைப் பயன்படுத்துவது மனிதன். அதற்குச் சாட்சி உங்கள் ஊருக்கே கைதியாக வந்தது. 1900 ஓகஸ்ட் தொடங்கி தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுப் பிடிபட்ட ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் இலங்கைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். பெரிய முகாம் தியத்தலாவையில். போயர்களுக்குப் பெப்ரவரி 27 பெரிய நாள்: 1881இல் மஜுபா மலையில் பிரித்தானியரை விரட்டியது அன்றுதான். 1900இல் அதே பெப்ரவரி 27இல், பார்டெபெர்க்கில் போயர் தளபதி குரோன்யே சுமார் 4,000 பேரோடு சரணடைந்தார். லண்டனுக்குத் தந்தி அடித்த பிரித்தானியத் தளபதி ராபர்ட்ஸ் பிரபு, இன்றைக்கு மஜுபா நாள் என்பதைச் சொல்ல மறக்கவில்லை. போயர்களின் திருநாள் ஒரே காலையில் திவசமாகிவிட்டது.

அந்தக் கைதிகள் எல்லாரும் ஊர் திரும்பினார்களா?
– ரயில் பயணி, ஹப்புத்தளை

பிரித்தானிய முடிக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்தவர்கள் திரும்பினார்கள். எங்கல்பிரெக்ட் என்ற மனிதர் மறுத்தார். இங்கேயே தங்கி, யால காட்டின் முதல் காவலர் ஆனார். முதல் உலகப் போர் வந்ததும், சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று அவரைச் சிறையில் அடைத்தார்கள். பிறகுதான் குற்றமற்றவர் என்று தெரிந்தது. எம்டன் ஒழிந்தது 1914 நவம்பர் 9இல், கொக்கோஸ் தீவருகே. நான்கு வருஷம் கழித்து அதே நவம்பர் 9இல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் முடியும் போனது. சத்தியம் செய்ய மறுத்தவர் கடைசிவரை இங்கேயே இருந்தார். தன் படையிடம் சத்தியம் வாங்கிய ஜெர்மன் சக்கரவர்த்திதான் நாட்டை விட்டு ஓடினார்.

ஏப்ரல் 5 என்றால் எங்கள் ஊரில் இன்னும் பேசுவார்கள். வேறு எங்காவது பேசுவார்களா?
– கடை முதலாளி, வெல்லவாய

கொழும்பில் பேசுவார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு: ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த நகுமோவின் ஜப்பானியப் படை கொழும்பில் குண்டு போட்டது. 1971 ஏப்ரல் 5: ஜே.வி.பி. கிளர்ச்சி. நாடு முழுக்க இரவில் தாக்குவது என்பது ஏற்பாடு. வெல்லவாயக்காரர்கள் அதிகாலையிலேயே பொலிஸ் நிலையத்தைத் தாக்கிவிட்டார்கள்; மற்ற நிலையங்கள் உஷாராகின. 1942இலும் முதல் நாளே சேதி வந்திருந்தது. பேர்ச்சல் என்ற கனடா விமானி கடலில் கப்பல்களைக் கண்டு சொன்னதால், துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறின. ஆனாலும் ரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். இரண்டு ஏப்ரல் 5இலும் திகதியைவிடப் பெரிய ஒற்றுமை இதுதான்: சேதி முன்னாடியே வந்தது, கேட்டவன் பிழைத்தான்.

கெப்பெட்டிப்பொல வீரரா, துரோகியா?
– பல்கலைக்கழக மாணவி, வெலிமடை

எந்த வர்த்தமானியைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1817இல் ஊவாவில் கலகம் மூண்டபோது அதை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய ஊவா திசாவை அவர். போனவர் கலகக்காரரோடு சேர்ந்தார். ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை மட்டும் அவர்களுக்கே திருப்பி அனுப்பினார்! 1818 நவம்பர் 26இல் கண்டி போகம்பரையில் அவர் தலை வெட்டப்பட்டது. மண்டையோடு எடின்பரோவுக்குப் போய் 1954இல்தான் திரும்பியது. 1818இன் வர்த்தமானி துரோகி என்றதை 2016 டிசம்பரில் அரசு ரத்துச் செய்தது. நம் காதுக்கு ஒரு கூடுதல் சேதி: அந்தக் கலகத்தில் அரசுரிமை கேட்டு நின்ற வில்பாவே, தன்னை நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டவர். ஊவாவின் பெரும் சிங்களக் கிளர்ச்சி ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தது.

பதுளை சென். மார்க் தேவாலயம் ஒரு போர்வீரரின் ஞாபகமாமே?
– பள்ளிச் சிறுமி, ஹாலிஎல

ஆமாம் மகள், மேஜர் ரோஜர்ஸ். ஆனால் அவர் பேர் எடுத்தது யானைகளோடு நடத்திய போரில். ஆயிரத்துக்கு மேல் சுட்டார் என்பார்கள். ஒரு யானையாலும் முடியாததை 1845 ஜூன் 7இல் ஹப்புத்தளையில் ஓர் இடி முடித்தது. 1942இல் ஜூன் 7தான் மிட்வே கடற்போரின் கடைசி நாள். கொழும்பில் குண்டு போட்ட ஐந்து கப்பல்களில் மூன்று அந்தப் போரில் மூழ்கின.

ஐயா, எல்லாம் துரைமார் கதை. தோட்டத்து ஆட்களுக்கு ஒரு திகதிகூட இல்லையா?
– தொழிற்சங்கத் தலைவர், மடுல்சீமை

இருக்கிறது, பட்டியல் போடுகிறவர்கள்தான் போடுவதில்லை. 1915இல் கலிப்பொலிக்குப் போன துரைமார் ரைபிள் படைக்கு ஞாபகக் குறிப்புகள் நிறைய. 1940 மே 12ஐ எடுங்கள். அன்று மாலை ஜெர்மன் படை பிரான்சின் செடானுக்குள் நுழைந்தது. எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அதே மே 12இல் பதுளையில் சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா பேசிய பெருங்கூட்டத்தைப் பொலிஸால் தடுக்க முடியவில்லை. அந்த வேலைநிறுத்த அலையில் வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கலந்துதான் நடப்பேன் என்று தோட்டத் துரை ஒத்துக்கொண்டார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸின் கையிலிருந்து ஆயுதத்தையே பிடுங்கினார்கள். ஜூன் 18இல் என்.எம். கைதானார். அது வாட்டர்லூ போரின் திகதி. 1940இல் லண்டன் வானொலியில் பிரெஞ்சுத் தளபதி தெகோல் பேசியதும் அன்றுதான். அடுத்த முறை யாராவது "வரலாற்றில் இன்று" என்று வாசித்தால், மே 12க்குப் பதுளை எங்கே என்று எழுந்து கேளுங்கள். கேட்காத திகதியை யாரும் அச்சடிப்பதில்லை.

பெப்ரவரி 29இல் போரே நடக்காதா?
– தபால்காரர், லுணுகலை

நடந்தது. 1944 பெப்ரவரி 29இல் அமெரிக்கப் படை பசிபிக்கின் அட்மிரால்டி தீவுகளில் இறங்கியது. வெற்றி விழா நான்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான். நம் திறைசேரிக்குத் தெரிந்தால் எல்லா விழாவையும் அந்தத் திகதிக்கே மாற்றிவிடுவார்கள்.