ஏகாக்கிரர்

சென்ற ஆடி மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் நான் தரிசித்து வருகிற ஓர் உத்தியோகஸ்தரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவருடைய பெயரையோ, அவர் அலங்கரிக்கும் அலுவலகத்தின் பெயரையோ, அது இருக்கும் ஊரையோ கேட்காதீர்கள். 34 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனாகிய என் கணக்கில் ஊதிய உயர்வு ஒன்று விடுபட்டுப் போனதால், ஓய்வூதியத்தைத் திருத்தியமைக்கக் கோரும் விண்ணப்பம் ஒன்று இன்னமும் அங்கே நிலுவையில் கிடக்கிறது. ஆகையால் அவரை ஏகாக்கிரர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். மனத்தை ஒன்றிலேயே நிறுத்தியவர் என்று பொருள். உலகத்தில் காரியம் செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. இவர் இரண்டிலும் சேராதவர், காரியம் செய்வதற்கு மனத்தைப் பக்குவப்படுத்திக்கொண்டே இருப்பவர்.

அவரைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பத்து மணி அலுவலகத்துக்கு 9.50-க்கே வந்துவிடுகிறார். வந்ததும் மேஜையைத் துடைக்கிறார். தன்பதிவேட்டை மேஜையின் விளிம்புக்கு இணையாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணம் பார்க்கிறார். குண்டூசிகளைத் தலை ஒரு பக்கமும் கூர் ஒரு பக்கமுமாக அடுக்குகிறார். வெந்நீர்க் குடுவையைக் கைக்கு எட்டும் தூரத்திலும், கைப்பேசியைக் கைக்கு எட்டாத தூரத்திலும் வைக்கிறார். பிறகு அந்தக் கைப்பேசி எங்கே இருக்கிறது என்ற கவலையில் அடிக்கடி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். இரு காதுகளிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்து, கண்களை மூடி அவர் பிராணாயாமத்தில் அமரும் வேளையில் தபால் கட்டு வந்தால், அலுவலக உதவியாளர் அதை நைவேத்தியம் வைப்பது போல ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து போவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். உடம்பு 9.50-க்கு வந்துவிட்டாலும், மனம் வந்து சேரப் பதினொன்றரை ஆகும். கோப்பின் நாடாவை அவர் அவிழ்த்துவிட்டார் என்றால் அன்றைய தினம் பஞ்சாங்கத்தில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும்.

இந்த அனுஷ்டானங்களுக்கெல்லாம் சிகரமாக விளங்குவது, மேஜையின் நடுவே வீற்றிருக்கும் சிவந்த தக்காளி ஒன்று. அது பிளாஸ்டிக்கால் ஆனது. முறுக்கிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, குறித்த நேரத்தில் மணியடிக்கும் சமையலறைக் கடிகாரம். பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர் 1980-களின் பிற்பகுதியில் பாடத்தில் மனம் ஒட்டாமல் தவித்தபோது, இத்தகைய தக்காளி ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாராம். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு என்று அவர் வகுத்த முறைக்குத் தம் தாய்மொழியில் தக்காளியைக் குறிக்கும் 'பொமொடோரோ' என்ற சொல்லையே பெயராக வைத்துவிட்டார். நல்ல முறைதான்; நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஏகாக்கிரர் அதைத் திருகி வைத்த பின், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று 25 நிமிஷமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்வை அப்படி இப்படி நகருவதில்லை. ஏகாக்கிரம் என்று சாஸ்திரம் சொல்வது இதுதான் என்றால், அவர் சித்தி பெற்றுவிட்டார் என்பதில் ஐயமில்லை. நான் பெஞ்சில் காத்திருந்த ஒரு முற்பகலில் நான்கு தக்காளிகள் முடிந்தன, நாடா அவிழவில்லை. எங்கள் வீட்டில் நான்கு தக்காளி செலவானால் ஒரு ரசமாவது மிஞ்சும்.

மன அழுத்தத்தைப் பற்றி அவர் படித்திருப்பதைப் போல டாக்டர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். மான்ட்ரியால் நகரத்தில் எலிகளைக் குளிரில் வைத்தும் ஓட ஓட விரட்டியும் பார்த்த ஹான்ஸ் செல்யே, 1936-ல், துன்பம் எதுவாயினும் உடம்பு ஒரே விதமாகவே தத்தளிக்கிறது என்றும், முதலில் திடுக்கிட்டு, பிறகு எதிர்த்து நின்று, கடைசியில் களைத்து விழுகிறது என்றும் எழுதியதை அவர்தான் எனக்கு விளக்கினார். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு முதல் நாள் திடுக்கிடுதல், கூட்டத்தில் எதிர்த்து நிற்றல். களைப்பு மட்டும் அடுத்த கூட்டம் வரைக்கும் நீடிக்கிறதாம்.

கண்காணிப்பாளர் ஒரு முறை குறிப்பாணை கொடுத்தபோது, யெர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1908-ல் சுண்டெலிகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்து, கடினமான பாடத்தைக் கற்க மிதமான அதிர்ச்சியே உகந்தது என்று கண்டறிந்ததை எடுத்துக்காட்டி, இந்தக் குறிப்பாணை அளவை மீறிவிட்டதால் தாம் இனி ஒரு வாரத்துக்கு எதையும் கற்க இயலாது என்று இவர் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த விளக்கம் இரண்டு பக்கம். அன்று அவர் எழுதிய ஒரே குறிப்பு அதுதான்.

"என் விண்ணப்பம் ஞாபகத்தில் இருக்கிறதா, சார்?" என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மறக்க முடியுமா, ஐயா? முடித்த காரியத்தைவிட முடிக்காத காரியம்தான் மனத்தில் நன்றாக நிற்கும் என்று பெர்லினில் ஆராய்ச்சி செய்த ஸெய்கார்னிக் என்ற அம்மாள் 1927-லேயே எழுதிவிட்டார். உங்கள் கோப்பை முடித்திருந்தால் உங்களை இந்நேரம் மறந்தே போயிருப்பேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நானும் சும்மா இருக்கவில்லை. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்த கதையைச் சொன்னேன். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்க, ஒருவர் கணக்குப் போட, இன்னொருவர் மணியை அடித்துக்கொண்டே இருக்க, நூறு பேரும் நூறு பக்கம் இழுத்தாலும் சிதறாத சித்தம் சதாவதானியுடையது என்று வகுப்பறைக் குரலில் வர்ணித்து முடித்தபோது ஏகாக்கிரர் முகம் வெளிறிப் போயிருந்தது. "அதன் பிறகு அவருக்கு இரத்த அழுத்தம் எப்படி இருந்ததாம், ஐயா?" என்றார் மெதுவாக.

எதிர் மேஜையில் ஓர் அம்மாள் இருக்கிறார். தோளுக்கும் காதுக்கும் இடையே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு மகனுடைய காய்ச்சலுக்கு மருந்து சொல்லியபடியே, டீக்காரப் பையனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்து, வந்து நிற்பவரை உட்காரச் சொல்லி, ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கோப்புகளை மேலே அனுப்பிவிடுகிறார். அவரிடம் தக்காளி இல்லை. மதியச் சாப்பாட்டில் இருந்தால் உண்டு. என் கோப்பு அவரிடம் போயிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு.

அப்படி ஏங்கியதற்காக ஒரு முறை வெட்கப்படவும் நேர்ந்தது. அந்தப் பிரிவில் ஐந்து நாற்காலிகள், மூன்றே பேர். காலியான இரண்டு இடங்களின் வேலையில் பெரும்பகுதி ஏகாக்கிரர் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பதை அந்த அம்மாளே சொன்னார். அன்று மாலை, ஏகாக்கிரர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, அந்த வெறும் நாற்காலிகளைக் காட்டி, "அதைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது, ஐயா. தக்காளி என்ன செய்யும்?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். சிறிது நேரம் அவரும் பேசாமல் இருந்துவிட்டு, அதைத் திருகி வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் போன வேளையில் ஏகாக்கிரரின் முகத்தில் ஓர் அபூர்வமான தெளிவு இருந்தது. என்னைக் கண்டு தலையசைத்தார், என் கோப்பை எடுத்து மேஜையின் நடுவே வைத்தார், தக்காளியைத் திருகினார், அதைப் பார்க்கவில்லை. நாடாவை அவிழ்த்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, விடுபட்ட ஊதிய உயர்வு இருக்கும் பக்கத்தில் விரலை வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். பெஞ்சில் இருந்த எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நின்ற மூச்சு அப்படியே நின்றிருக்கலாம். தும்மிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் சிறிதும் இல்லை. பேனாவை மூடினார், நாடாவைக் கட்டினார், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கண்களை மூடினார்.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறேன். ஜலதோஷம் இன்னும் விடவில்லை.