வகைக்கொண்ணு

மீன் தொட்டி வாங்கீட்டயாமா கண்ணு? ரொம்ப நல்ல காரியம். கொளத்தூர் வரைக்கும் போயி நியான் டெட்ரா ஒண்ணு, டைகர் பார்ப் ஒண்ணு, ஏஞ்சல் ஒண்ணுன்னு, பந்தியில பலகாரம் வெக்கறாப்பல வகைக்கொண்ணாப் பொறுக்கியாந்திருக்கறே. தாராளக் கை!

நியான் இருக்குதே, அது அமேசான் பக்கத்து ஓடையில கூட்டமாத் திரியற சாதி. நீளம் ஒன்றரை அங்குலம் தேறாது, கூட்டந்தான் அதுக்குத் தெம்பு. ஆறுக்குக் கொறஞ்சா மூலையில ஒண்டிக்கும், நெறம் வெளுக்கும், எரையெடுக்காது. அதனாலென்ன, நீ மூலையப் பாத்துட்டு உக்காரு. டைகர் பார்ப்பு கூட்டமா இருந்தா அதுகளுக்குள்ளயே தொரத்தீட்டுக் கெடக்கும். ஒத்தையில உட்டா ஏஞ்சலோட துடுப்பக் கடிச்சுக் கந்தலாக்கும். ஏஞ்சல் லேசுப்பட்டதா? வளந்து பெருத்ததும் நியானை முழுங்கிப்போடும். உனக்குத் தீனிச் செலவு மிச்சஞ்சாமி.

குழாய்த்தண்ணிய ரொப்பி அன்னைக்கே மீன உட்டயாமா? குளோரின் செவுளை அரிச்சிரும்; அத முறிக்கக் கடையில சொட்டு மருந்து இருக்குது. அது கெடக்கட்டும். மீனோட கழிவுல அம்மோனியா சேரும், வெசம். ஒரு பாக்டீரியா அத நைட்ரைட்டாக்கும், அதுவும் வெசம். இன்னொண்ணு வந்து நைட்ரேட்டாக்குனாத்தான் மீனு பொழைக்கும். ரெண்டும் புதுத் தொட்டியில பெருக 4, 6 வாரமாகும். அதுக குடியிருக்கறது ஃபில்டர் ஸ்பாஞ்சுல. அதைத்தான் நீ போன வாரம் சோப்புப் போட்டு வெளுத்தயாமா! உங்கம்மாளுக்குப் பெருமை தாங்கல.

எஞ்சொல்லு கேப்பயா? இருக்கற மீனக் கடையிலயே திருப்பிக் குடு. பாக்டீரியா பெருகறதுக்கு வெறுந்தொட்டியில துளித்துளி தீனி போட்டு ஃபில்டர ஓடவிட்டு, தண்ணி பக்குவமாகற வரைக்கும் பொறு. உங்கூட்டுத் தண்ணி உப்பு, நியானுக்கு ஆகாது. கங்கைப் பக்கத்து ஓடையில பொறந்த ஜீப்ரா மீனு அதையும் தாங்கும். அதுல எட்டோ பத்தோ ஒண்ணா வாங்கியா. மூடி போட மறந்தராத, எகிறிக் குதிக்கற சாதி. ரெண்டு நிமிசத்துல தின்னு தீக்கற அளவுதான் தீனி. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணிய மாத்து, எடுத்த தண்ணியிலயே ஸ்பாஞ்சை அலசு.

இதெல்லாம் ஆகாதுன்னா டீவியில மீன் படம் போட்டுப் பாரு. அதுல நீ சோப்பும் போட முடியாது.