பத்தொன்பது ஒன்று (அ) சார்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் இவர் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர். முதல் மாடி, வாசலைப் பார்த்த பால்கனி. எங்கள் சாரும் அப்படித்தான். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போட்ட கையோடு செய்தி வாசிப்பார்: ‘மூன்றாம் மாடிப் பெண் நேற்றிரவு 11.40-க்கு வந்தது. இறக்கிவிட்ட பைக் நம் வளாகத்து வண்டி அல்ல. பொதுநலன் கருதிப் பகிரப்படுகிறது.’ கூடவே போட்டோ வேறு. முகம் மங்கல், பைக் நம்பர் பளிச்.

அந்தப் பெண் நேரில் வந்து கேட்டால் சார் குரலை உயர்த்த மாட்டார். “ஏம்மா, அரசியல் சாசனம் 19(1)(அ) படிச்சிருக்கியா?” என்பார். அந்தப் பேச்சுரிமைக்கு அவதூறு முதலான கட்டுப்பாடுகளைச் சொல்லும் 19(2), அவர் வாங்கிய பிரதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும்.

இன்னும் மடக்கினால் 1994-க்குப் போய்விடுவார். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்ற வழக்கு அது. முன்கூட்டியே தடைபோட அவர்களுக்கு அதிகாரமில்லை, பொது ஆவணங்களில் உள்ளதை எழுத யாருடைய சம்மதமும் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். இதெல்லாம் சாருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு பற்றி அனுமதியில்லாமல் எழுதக் கூடாது என்று அதே தீர்ப்பு சொன்னதுதான் அவர் மண்டையில் ஏறவில்லை. அவர் கணக்கில் கொடியில் காயும் துணிகூடப் பொது ஆவணம்.

போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தி. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற சார், சாம்பாரே வந்து சேராத இலையில் ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டிருந்ததை யாரோ புண்ணியவான் கிளிக்கிவிட்டான். படம் குழுவில் ஏறியது. அடியில், ‘பொதுநலன் கருதி.’

பந்தியிலிருந்தபடியே, இடது கையால், சார் பதில் போட்டார். ‘2017 ஆகஸ்ட் 24! புட்டசாமி வழக்கு! ஒன்பது நீதிபதிகள்! ஒருமனதாக! அந்தரங்கம் அடிப்படை உரிமை!!! 21-ஆவது பிரிவு!!! அட்மின் உடனே நீக்கவும்!’ நீதிபதிகள் எண்ணிக்கைக்குக் குறையாத ஆச்சரியக்குறிகள்.

எதிர்ப் பந்தியில் இருந்த அவர் மனைவி போனைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“அந்தரங்கம்தான், யார் இல்லேன்னா? அது ரெண்டாவதா, மூணாவதான்னு மட்டும் சொல்லிடுங்க.”