லாட் சரியில்லை

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் பக்கத்து லேன்காரர், நான் கேட்காமலேயே என் தோட்டா டப்பாவை எடுத்துத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லாட் நம்பரைப் படித்துவிட்டு 'ப்ச்' என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. அதன் பிறகு நான் சுட்டதெல்லாம் எட்டும் ஒன்பதுமாக விழுந்தது. அதற்கு முன்பும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. காரணம் மட்டும் தெரியாமல் நிம்மதியாக இருந்தேன்.

புதிதாக வருகிறவர்கள், பாயிண்ட் டூ டூவில் ரைபிள் எடுக்கலாமா, பிஸ்டல் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு உருப்படியாக ஒரு பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இந்த லாட் சமாசாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லாட் என்றால் ஃபேக்டரியில் ஒரே ஈட்டில் இறங்கிய தோட்டாக்கள்.

இந்தப் பாயிண்ட் டூ டூ தோட்டாவுக்குப் பற்றவைக்கும் மருந்து நடுவில் கிடையாது. பித்தளைக் குப்பியின் அடிவிளிம்பு மடிப்புக்குள் ஈரமாக வைத்து, சுழற்றிப் பரப்பிவிடுகிறார்கள். ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். 1887-இல் வந்த தோட்டா, ஏற்பாடு இன்றைக்கும் அதேதான். மருந்து எங்காவது கூடக்குறைய விழுந்தால் வேகம் மாறும். வேகம் மாறினால் 50 மீட்டர் தூரத்தில் குண்டு மேலே கீழே போகும். பத்தாம் வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். சுட்ட குப்பியை வீட்டில் உட்கார்ந்து மறுபடி நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. ஃபேக்டரி கொடுப்பதுதான் பிரசாதம்.

சரி, விலை அதிகமானதை வாங்கிவிட்டால் தீர்ந்ததா? அதுதான் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஒரு லாட் உங்கள் பேரலில் ஒரே ஓட்டையில் போய் விழும், அடுத்த லாட் சிதறும். உங்களுக்குச் சிதறியது பக்கத்து லேன்காரருக்கு ஒரே ஓட்டை. ஜாதகம் பார்ப்பதுதான் இது, வேறொன்றுமில்லை. என்ன, கல்யாணத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தால் தாம்பூலம் மாற்றிவிடுவார்கள், எங்களுக்கு ஒன்பதே போதாது. வசதி உள்ளவர்கள் வரன் பார்க்க வெளிநாட்டுக்கே போகிறார்கள். தோட்டா செய்கிற ஈலிக்காரர்கள் பர்மிங்காமிலும், லபுவாக்காரர்கள் ஜெர்மனியில் ஷோனபெக்கிலும் இதற்கென்றே ரேஞ்ச் வைத்திருக்கிறார்கள். நம் ரைபிளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இடுக்கியில் மாட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, இதுதான் உனக்கு அமைந்தது என்று சொல்லி அனுப்புவார்கள். அங்கே போக முடியாத நாங்கள் உள்ளூரிலேயே விசாரித்துக்கொள்கிறோம். யாருக்கு எந்த லாட் ஒத்துவந்தது, யாருக்கு ஒத்துவராமல் போய் விற்கப் பார்க்கிறார், அவர் பேரல் எந்த வருஷத்து அன்ஷூட்ஸ் ரைபிளுடையது, நம்முடையது அதற்கு என்ன உறவு. இப்படிப் பாடுபட்டு நல்ல லாட் அமைந்தவர் அதைச் சுடுகிறாரா என்றால், மாட்டார். லைசென்ஸில் இத்தனைதான் என்று கணக்கு இருக்கிறதே. பெரிய மேட்சுக்கு என்று பூட்டி வைப்பார். மேட்ச் வரும். 'இது அந்த அளவுக்குப் பெரிய மேட்ச் இல்லை' என்பார். சுமாரான லாட்டால் சுட்டுத் தோற்றுவிட்டு, நல்ல லாட் மட்டும் போட்டிருந்தால் கதையே வேறு என்று டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு வருவார். 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய அன்று எங்கள் ஆட்கள் கைதட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: 'என்ன லாட்டாம்?'

நானும் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கை முழுக்கத் தோட்டா மெழுகு. ஸ்கோர் ஏறியதா என்று கேட்காதீர்கள்.

ஒன்பது விழுந்தால் யாரும் தன் விரலைப் பார்ப்பதில்லை. முதலில் காற்றுக்கொடியைப் பார்ப்பார்கள், அது தேமே என்று தொங்கும். அடுத்து சைட்டில் ரெண்டு தட்டு. கடைசியில் டப்பாவைத் திருப்புவார்கள். திருப்புகிறவர்கள் அவரவர் டப்பாவைத் திருப்பிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிஸ்டல். ஆமாம், அதற்கும் வந்துவிட்டேன். 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் ஐந்து டார்கெட்டுக்கு ஐந்து குண்டு. முதலில் எட்டு வினாடி, பிறகு ஆறு, பிறகு நாலு. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான். நாலு வினாடியில் லாட்டைக் குறைசொல்ல ஏது நேரம் என்று நம்பிப் பிஸ்டல்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே எல்லோரும் மரப்பிடியைத் தங்கள் கைக்குப் பொருந்த அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். ராவியது அதிகமாகிவிட்டால் மரப்புட்டி வைத்து அடைப்பார்கள். காய்ந்ததும் மறுபடி ராவுவார்கள். வருஷக்கணக்காக ஒரே பிடியை ராவுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பிஸ்டல் நல்லது என்று அவரிடம் கேட்டேன். அரத்தைக் கீழே வைக்காமலே, 'எங்கே, கையைக் காட்டுங்க' என்றார். காட்டினேன். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்துவிட்டு 'ப்ச்' என்றார்.