கழித்தல் கணக்கில் வாராக்கடன்: சில ஆய்வுக் குறிப்புகள்

பள்ளியில் கணக்கைக் கோட்டைவிட்டு, நாற்பதுக்கு மேல் அதைத் திரும்பப் படிக்க உட்காருவோர் மூவகைப்படுவர் என்ப. பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் மாட்டிக்கொண்டோர் ஒருவகை. போட்டித் தேர்வுக்காரர் இரண்டாம் வகை. ஆசைப்பட்டுப் படிப்போர் மூன்றாம் வகை. இவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

முதல் வகையார் இடறி விழும் இடம் கடன்வாங்கிக் கழித்தல். 52 − 27. இரண்டில் ஏழு போகாது. பக்கத்து வீட்டு ஐந்திடம் ஒன்று கடன் வாங்கு என்பது மரபு. எட்டு வயதில் வாய்பேசாமல் வாங்கினோம். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டும் வயதில்தான் உறைக்கிறது: அந்த ஐந்துக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவேயில்லை. 12 − 7 = 5, 4 − 2 = 2, விடை 25 என்று அடிக்கோடு போட்டு எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. கொடுத்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது பத்து. இதற்கும் கணக்கு இல்லை. (காண்க: மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு, பின்னட்டை.)

திருப்பிக் கட்டும் மரபும் உண்டு. பிரிட்டிஷ் பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கியது அது. மேலே உள்ள இரண்டைப் பன்னிரண்டாக்கிவிட்டு, கீழ்வரிசை இரண்டை மூன்றாக்குவார்கள்; 5 − 3 = 2, விடை அதே 25. வாங்கியது யாரிடம் என்றே தெரியாது, கட்டுவதோ கீழ்வீட்டில். (மேற்படி நோட்டு, பென்சில் பாடம். 'கீழ்வீடு' என்பதை 'எதிர்வீடு' எனக் கொள்வாரும் உளர். அவர் வாடகைக்கு இருந்தவர்.)

ஆயினும் 1000 − 237தான் இத்துறையின் பெருங்கேடு. கடைசிப் பூஜ்யம் பக்கத்துப் பூஜ்யத்தைக் கேட்கிறது. அது அடுத்த பூஜ்யத்தைக் கேட்கிறது. அது ஒன்றைப் போய்க் கேட்க, ஒன்று இருந்ததைக் கொடுத்து ஓட்டாண்டியாகிறது. நடுவே இருந்த இரண்டு பூஜ்யங்களும் ஆளுக்கொரு பத்தை வாங்கி, ஒன்றை மட்டும் கைமாற்றிவிட்டு, ஒன்பதைத் தாமே வைத்துக்கொள்கின்றன. முதல் போடாமல் தரகு! (மேற்படி நோட்டு, மேற்படி அட்டை, எச்சில் தொட்டு அழித்த அடுக்கு, அதன்மேல் மைக்கறை, கறைக்கு வெளியே தெரியும் வால் ஒன்பதா ஏழா என்பதில் பதிப்பாசிரியர் இருவர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.)

இதெல்லாம் நான் கிளப்பிய வம்பு அன்று. இந்த இரு முறைகளில் எது மேல் என்று பிரவுனல், மோசர் என்னும் அமெரிக்கர் இருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மெய்யாகவே ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார்கள். கடன் முறையைக் காரணத்தோடு கற்ற பிள்ளைகள், சொல்லித்தராத கணக்குகளையும் மற்றவர்களைவிட நன்றாகப் போட்டார்களாம். அந்தக் காரணம் என்னவென்றால், பத்து ரூபாய்த் தாளுக்குச் சில்லறை மாற்றுகிறோம், அவ்வளவே. 52 என்பது நாற்பதும் பன்னிரண்டும். கடனும் இல்லை, கட்டவும் வேண்டாம். இதை வகுப்பில் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டால் கருத்தரங்குக்கு யார் வருவார்?

வகுத்தலில் மிஞ்சும் மீதி யாரைச் சேரும் என்பது தனி ஆய்வுக்குரியது. நிதிக்கு மனுப் போட்டிருக்கிறேன்.