நிவாரணம் சார்

சென்னையில் தண்ணீர் தேங்குகிற எந்தத் தெருவிலும் ஒரு நிவாரணம் சார் இருப்பார். எங்கள் பிளாக்கிலும் உண்டு. ஓய்வு பெற்றவர், மூன்றாவது மாடி, சொந்த ஃபிளாட். வெள்ளம் அவரைத் தொட வேண்டுமென்றால் படியேறி வந்து காலிங் பெல் அடிக்க வேண்டும். இருந்தாலும் புயல் கரையைக் கடப்பதற்குள் ஸ்மார்ட் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றுக்கும் மும்மூன்று ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுவார். “கரண்ட் போயிட்டா ஜெராக்ஸ் கடைக்காரன் என்ன பண்ணுவான்?” என்பார். நியாயம்தானே.

2015 வெள்ளத்துக்கு அரசு ரூ.5,000 கொடுத்தது. கணக்கெடுக்க வருபவர்கள் பார்க்கட்டும் என்று, கீழ்த்தளச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வைத்தார். அதற்குப் பிறகு கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. அந்த ஒரு முழம் சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. “எவிடென்ஸ்ப்பா, கை வைக்காதே!” என்று பெயின்டரை விரட்டிவிட்டார்.

2019 நவம்பரில், சர்க்கரை அட்டைக்காரர்கள் விரும்பினால் அரிசி அட்டைக்கு மாறலாம் என்று அறிவிப்பு வந்தது. உடனே மாறினார். ரேஷன் அரிசியை அவர் வீட்டில் யாரும் தொடுவதில்லை. பின்னே எதற்கு என்று கேட்டால், “வர்றதெல்லாம் அரிசி கார்டுக்குத்தான் வரும், இருந்து பாருங்க” என்றார். சில மாதங்களில் கொரோனாவே வந்தது. 2020 ஏப்ரலில் ரூ.1,000, அடுத்த ஆண்டு இரண்டு தவணையாக ரூ.4,000, கூடவே 14 வகை மளிகைச் சாமான். எல்லாம் அரிசி அட்டைக்குத்தான். மளிகைப் பையைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து, கடுகுப் பொட்டலத்தைத் தராசில் வைத்தார். 100 கிராமுக்கு இரண்டு கிராம் குறைந்தது. அன்று ராத்திரி வரை வீட்டில் யாரோடும் பேசவில்லையாம்.

கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிற ஆள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில், கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. பிறகு அதை ஆகஸ்ட் வரை நீட்டியது. சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஐ.டி. பையன்கள்கூடத் துள்ளிக் குதித்தார்கள். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொண்டு இவர்தான் சொன்னார்: “தம்பி, தவணைதான் நிக்கும், வட்டி ஓடிட்டேதான் இருக்கும். வேலை போனவன் எடுக்கட்டும், உனக்கெதுக்கு?” யார் கேட்டார்கள்? வட்டிக்கு வட்டியை மட்டும் பின்னால் திருப்பிக் கொடுத்தார்கள். அசல் வட்டி தலையில்தான் விடிந்தது. இரண்டாம் மாடிப் பையன் ஸ்டேட்மென்ட்டோடு இவரைத் தேடி வந்து, “அங்கிள், இதுல எத்தனை மாசம் கூடியிருக்கு?” என்று கேட்டான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நிவாரணம் ரூ.6,000 என்றதும் சார் பத்து வயது குறைந்துபோனார். டோக்கனில் குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே ரேஷன் கடை வாசலில் நின்று, தெரியாதவர்களுக்கெல்லாம் யோசனை சொன்னார். “ரேகை விழலையா? விரலைத் தலைமுடியில தேச்சுட்டு வைங்கம்மா.” ஒரு கிழவிக்கு நிஜமாகவே விழுந்தது. டோக்கன் வராதவர்கள் மனு கொடுக்கலாம் என்று தெரிந்ததும், எங்கள் வாட்ச்மேனைக் கையோடு கூட்டிப்போய் அவரே எழுதிக் கொடுத்தார்.

இதையெல்லாம் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தோம். “மூணாவது மாடிக்கு எந்த வெள்ளம் வந்துதாம்?” என்றார் செகரட்டரி. அப்புறம்தான், சர்க்கரை அட்டைக்காரர்களும் வருமான வரி கட்டுபவர்களும் பாதிக்கப்பட்டிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு சார் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. முதல் ஜோடி செகரட்டரியுடையது. சார் யாரையும் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “பாஸ்புக் ஜெராக்ஸ் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பிளாக்கில் அந்த ஆறாயிரம் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.